பெற்றோரின் முதுமை: எங்கே, யாரிடம், எப்படி?

 

நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு வகை உண்டு. பேசுபவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார். முதலில் நலம் விசாரிப்பார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காக்கா, உம்மாவப் பாத்துக்க ஒரு நல்ல இடம் இருந்தாச் சொல்லுங்க. ஊருக்குத் தெரிய வேணாம்" என்பார்.

அவர் பெற்றோரை வெறுப்பவர் அல்ல. வெறுப்பவராக இருந்தால் நல்ல இடம் கேட்க மாட்டார். ஆனால் "ஊருக்குத் தெரிய வேணாம்" என்கிறாரே, அதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. மறைத்துத் தேடுகிறவர் நாலு பேரிடம் விசாரிக்க முடியாது. உடன்பிறந்தவர்களோடு கலந்து பேச முடியாது. இடத்தை இரண்டு முறை போய்ப் பார்க்க முடியாது. கடைசியில் உம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஒரே மாலையில் முடிவெடுக்கிறார்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இன்று அது இன்னும் கூடியிருக்கும். நம் தெருக்களில் மூன்று மாடி வீட்டில் ஒரே ஒரு மூதாட்டி இருப்பதை நாமே பார்க்கிறோம். எனவே இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்வோம். குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள்.

1. மார்க்கம் நம்மிடம் கேட்பது என்ன?

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்களை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அல்லாஹ் தன்னை மட்டுமே வணங்க வேண்டும் என்று கட்டளையிட்ட கையோடு பெற்றோருக்கு நன்மை செய்வதைச் சொல்கிறான். அவர்களில் ஒருவரோ இருவருமோ நம்மிடத்தில் முதுமையை அடைந்தால் 'உஃப்' என்று கூடச் சொல்லக் கூடாது, விரட்டக் கூடாது, கண்ணியமாகப் பேச வேண்டும், பணிவோடு தாழ்ந்து நடக்க வேண்டும், அவர்களுக்காக துஆச் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து.

'நம்மிடத்தில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். முதுமையில் அவர்கள் நம் பொறுப்பில், நம் அருகில் இருப்பதையே அது முதலில் நினைவூட்டுகிறது. ஆகவே முடிகிற இடத்தில் முதல் தேர்வு வீடுதான். இதில் சந்தேகம் வேண்டாம். அதே வசனங்களில் சொல்லப்பட்ட மற்றவை எல்லாம் நடத்தை பற்றியவை. வீட்டில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சிடுசிடுப்பவர் அந்தக் கட்டளையை நிறைவேற்றியவர் ஆக மாட்டார்.

ஹிஜ்ரத்துக்காக பைஅத் செய்ய வந்த ஒருவர், பெற்றோரை அழ வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னபோது, திரும்பிப் போய் அவர்களை அழ வைத்ததைப் போலவே சிரிக்க வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அனுப்பி வைத்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் அதை நிறுத்துப் பார்க்க இது நல்ல அளவுகோல்.

இங்கே இரண்டு சட்டங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, வறிய பெற்றோரின் செலவு வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. அதனால்தான் பெற்றோருக்கு ஜகாத் கொடுக்க முடியாது. "வாப்பாவோட ஹோம் ஃபீஸை ஜகாத்துல கழிச்சுக்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அது நீங்கள் கொடுத்தே ஆக வேண்டிய செலவு.

இரண்டாவது, மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள் மீது சட்டப்படியான கடமை அல்ல. அவள் செய்வது உபகாரம், அதற்கு அல்லாஹ்விடம் பெரிய கூலி உண்டு. கடமை மகனுக்கும் மகளுக்கும் உரியது. "நாங்க வீட்டுல வச்சுப் பாக்குறோம்" என்று பெருமையாகச் சொல்லும் மகன், பார்ப்பது யார் என்று தன்னையே ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். மனைவியின் தோளில் முழுச் சுமையையும் வைத்துவிட்டு அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயம் ஆகாது.

2. நான் செய்த ஒரு தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் ஒருவர் தன் தந்தையை வெளியூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் காதுபட அவரிடம், "வாப்பாவ அனாதை மாதிரி விட்டுட்டு வந்துட்டீங்களாமே?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ரமலானில் உணவுப் பொட்டலம் கொடுக்க அந்த இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. பெரியவர் பக்கவாதத்தால் ஒரு பக்கம் முழுதும் விழுந்தவர், கனத்த சரீரம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் புரட்டிப் படுக்க வைக்க முடியும். வீட்டில் இருந்தவரை மருமகள் ஒருத்தியால் முடியாமல் முதுகில் படுக்கைப்புண் வந்திருந்தது. இல்லத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டி, காற்று மெத்தை போட்டு, புண் ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மகன் வந்தார். தினமும் அஸர் தொழுதுவிட்டு பஸ் ஏறி வந்து, தன் கையால் கஞ்சி ஊட்டி, மஃரிப் தொழ வைத்துவிட்டுப் போகிறாராம். பெரியவர் அவரைக் கண்டதும் சிரித்தார்.

அதே மாதம் என் தெருவிலேயே ஒரு மூதாட்டி வஃபாத்தானார். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீடு. பின்கட்டு அறையில் இருந்தார். குளிப்பாட்டப் போன பெண்கள் திரும்பி வந்து அழுதார்கள். உள்ளங்கை அகலத்துக்குப் புண். அந்த வீட்டாரை நான் ஒரு நாளும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. "உம்மாவ வீட்டுலயே வச்சிருக்காங்க" என்று புகழ்ந்திருக்கிறேன்.

முதல் மகனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். ஆனால் முகவரியை வைத்துப் பிள்ளைகளை எடைபோட்டது என் தவறு. அந்தத் தவறை நம் ஊரே செய்கிறது என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

3. முதலில் தேவையை அளந்து பாருங்கள்

எந்த இடம் என்பதற்கு முன், எந்த உதவி என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். மருத்துவர்கள் பார்க்கும் முறை எளிது. ஆறு காரியங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறை போய் வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலியில் அமர்வது, மலஜலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. ஒவ்வொன்றிலும் அவரே செய்கிறாரா, பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டுமா, பிறர்தான் செய்ய வேண்டுமா என்று எழுதுங்கள்.

அடுத்து, சமைப்பது, மாத்திரையை நேரத்துக்கு எடுப்பது, பணத்தைக் கணக்குப் பார்ப்பது, தொலைபேசியில் பேசுவது, கடைக்கும் டாக்டரிடமும் போவது. இவற்றில் மட்டும் தடுமாறுகிறவருக்கு வீட்டில் கொஞ்சம் உதவி போதும். முதல் ஆறில் இரண்டு மூன்றுக்குப் பிறர் கை வேண்டும் என்றால், பகலில் மட்டும் வந்து போகும் ஆள் போதாது.

மூன்றாவது, நினைவு. தொழுததை மறந்து அதே தொழுகையை மூன்று முறை தொழுவது, நள்ளிரவில் பாங்கு சொல்லிவிட்டார்கள் என்று பள்ளிவாசலுக்குக் கிளம்புவது, பீரோவில் வைத்த காசை மருமகள் எடுத்துவிட்டதாகச் சொல்வது ஆகியவற்றைப் பிடிவாதம் என்றோ குணக்கேடு என்றோ நினைத்துச் சண்டை போடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு போன்றவற்றால் வரும் மறதி மருந்தில் சரியாகக் கூடும். மறதி நோயாகவே இருந்தால், பராமரிப்புத் திட்டம் முழுதும் அதற்கேற்ப மாற வேண்டும். அறிவு பேதலித்துவிட்டவர் மீது தொழுகை கடமை இல்லை. அவரை அதட்டித் தொழ வைக்க வேண்டியதில்லை.

நான்காவது, அவருடைய விருப்பம். இதைத்தான் நாம் கேட்பதே இல்லை. ஒரு நல்ல மகன் தன் உம்மாவைச் சென்னையில் ஏழாவது மாடிக்கு அழைத்துப் போனார். ஏசி அறை, நல்ல சாப்பாடு, எதற்கும் குறைவில்லை. ஆனால் மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு பூட்டிய வீட்டில் டிவியும் அவருமாகப் பத்து மணி நேரம். "இங்க பாங்குச் சத்தம் கேக்கல, எட்டிப் பாத்துப் பேச ஒரு ஆளில்ல" என்று அழுதார். ஊர் வீட்டில் குளியலறையைச் சீராக்கி, துணைக்கு ஒரு பெண்ணை வைத்த பிறகு அவர் தேறினார். பேசும் தெம்பு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்: "வாப்பா, நாளைக்கு முடியாமப் போனா எங்க இருக்க ஆசை? யார் பாத்துக்கணும்? எது வேணவே வேணாம்?"

4. என்னென்ன வழிகள் இருக்கின்றன?

அ) சொந்த வீட்டில், உதவியோடு. நடமாட்டம் உள்ளவருக்கு இதுவே நல்லது. முதலில் வீட்டைத் திருத்துங்கள்: மேற்கத்திய கழிப்பறை, சுவரில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, இரவு விளக்கு, தடுக்கும் நிலைப்படிக்குச் சரிவு. உளூச் செய்யுமிடத்தில் உட்கார ஒரு நாற்காலி. ஆள் வைத்தால் அடையாள அட்டை நகல் வாங்குங்கள், முன்பு வேலை பார்த்த வீட்டில் விசாரியுங்கள், விடுப்பு நாளில் யார் வருவார் என்று முன்பே முடிவு செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பது பராமரிப்பு ஆகாது. விழுந்ததைக் கேமரா காட்டும், தூக்கிவிடாது. பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவி இருக்க வேண்டும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும், தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

ஆ) பிள்ளைகள் வீட்டில். ஒரே வீட்டில் நிலையாக இருப்பது வேறு, 'மாசத்துக்கு ஒரு வீடு' என்று சுற்றுவது வேறு. சுற்று முறை பிள்ளைகளுக்கு நியாயமாகத் தெரியும். பெரியவருக்கோ ஒவ்வொரு மாதமும் புது அறை, புது டாக்டர், புதுக் கழிப்பறை. மறதி உள்ளவருக்கு இது மிகவும் கெடுதல். பெரியவர் ஓரிடத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் முறைபோட்டு வந்து பார்க்கட்டும். வர முடியாதவர் செலவில் கூடுதலாகத் தரட்டும்.

இ) பகல்நேரப் பராமரிப்பும் குறுகிய காலத் தங்கலும். காலையில் விட்டு மாலையில் அழைத்துவரும் மையங்கள் நகரங்களில் உள்ளன. வீட்டில் பார்ப்பவர் பிரசவத்துக்கோ ஹஜ்ஜுக்கோ போக நேர்ந்தால் சில வாரங்கள் மட்டும் தங்க வைக்கும் இல்லங்களும் உண்டு. பார்ப்பவருக்கும் ஓய்வு வேண்டும். அவர் படுத்துவிட்டால் இரண்டு நோயாளிகள் ஆகிவிடுவார்கள்.

ஈ) முதியோர் குடியிருப்பு. தனித்தனி வீடு, பொதுச் சமையல், நர்ஸ், காவல் என்று இருக்கும். தமிழ்நாட்டில் கோவைப் பக்கம் இவை அதிகம். நல்ல உடல்நலமும் வசதியும் உள்ள தம்பதியருக்குப் பொருந்தும். பணம் கட்டுமுன், அது கிரயமா, நீண்டகாலக் குத்தகையா, திரும்பித் தரும் வைப்புத்தொகையா என்று பத்திரத்தில் பாருங்கள். வஃபாத்துக்குப் பிறகு அது வாரிசுகளுக்கு எப்படி வரும் என்பதும் அதைப் பொறுத்தது. கட்டுமானத் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதா என்று பாருங்கள். படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள்.

உ) முதியோர் இல்லம், மருத்துவப் பராமரிப்பு இல்லம். இரண்டும் ஒன்றல்ல. முதியோர் இல்லத்தில் உணவும் தங்குமிடமும் கிடைக்கும், நடமாட்டம் உள்ளவர்களையே பெரும்பாலும் சேர்ப்பார்கள். மருத்துவப் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸ் இரவு பகலாக இருப்பார். குழாய் வழியாக உணவு, சிறுநீர்க் குழாய், படுக்கைப்புண் உள்ளவருக்கு இதுதான். பேர்ப்பலகையை நம்பாமல் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

5. இல்லத்தைப் பார்க்கப் போகும்போது

இரண்டு முறை போங்கள். ஒரு முறை சொல்லிவிட்டு, ஒரு முறை சொல்லாமல். சாப்பாட்டு நேரத்தில் போனால் பாதி விஷயம் தெரிந்துவிடும். முடிந்தால் பெரியவரையும் அழைத்துப் போங்கள்.

பொதுவாகப் பார்க்க வேண்டியவை: மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்? இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரி, யார் அழைத்துப் போவார்? அறையில் மூத்திர வாடை அடிக்கிறதா? அங்கே இருப்பவர்களின் நகம், முடி, உடை எப்படி இருக்கிறது? பணியாளர்கள் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுகிறார்களா? நினைத்த நேரத்தில் வந்து பார்க்க விடுவார்களா? நேரம் குறித்துத்தான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள்.

நாம் தனியாகக் கேட்க வேண்டியவை:

தூய்மை. பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணும் சுத்தம் செய்ய ஏற்பாடு உண்டா? டயப்பர் மாற்றும்போது தண்ணீரால் கழுவுவார்களா, வெறுமனே துடைத்துவிடுவார்களா? நம் உம்மாமார்களை இது உள்ளுக்குள் அரிக்கும். சொல்ல வெட்கப்பட்டுத் தொழுகையையே விட்டுவிடுவார்கள்.

தொழுகை. கிப்லாத் திசையைக் காட்டி, கட்டிலை அதற்கேற்பப் போட இடமுண்டா? தயம்முமுக்குச் சுத்தமான மண் வைத்துக்கொள்ளலாமா? நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். சிறுநீர்க் குழாய் உள்ளவருக்கும் அடக்க முடியாதவருக்கும் தனிச் சலுகைச் சட்டங்கள் உண்டு. சேர்ப்பதற்கு முன் இமாமை அழைத்துப் பெரியவருக்கு விளக்கச் சொல்லுங்கள். அந்த நிம்மதி மருந்துக்குச் சமம்.

உணவு. இறைச்சி தந்தால் ஹலாலா? சைவம் மட்டும் தரும் இல்லங்கள் பல உண்டு. அதில் தவறில்லை, ஆனால் வாழ்நாள் முழுக்க மீன் ஆணம் சாப்பிட்டவருக்கு வாரம் ஒரு நாளாவது வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி கேளுங்கள். நோன்பு வைக்க ஆசைப்பட்டால் டாக்டரிடம் கேட்டே முடிவெடுங்கள். மீண்டும் வைக்க இயலாத முதியவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும்.

மவ்த்து. பேசத் தயங்க வேண்டாம். சகராத் நேரத்தில் யாரைக் கூப்பிடுவார்கள்? மையித்தைத் தாமதமின்றி ஒப்படைப்பார்களா? மரணச் சான்று யார் தருவார்? எந்த ஜமாஅத்துக்குத் தகவல் போக வேண்டும் என்பதைச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் திரும்ப வருமா, கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், எந்தச் செலவு தனி, எந்த நிலையில் திருப்பி அனுப்புவார்கள் என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

6. பணமும் பத்திரமும் சட்டமும்

"வீட்ட எம் பேருக்கு எழுதிக் குடுங்க, கடைசி வரை நான் பாத்துக்கறேன்" என்று ஒரு பிள்ளை கேட்பதும், பெரியவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவதும் புதிதல்ல. பிள்ளைகளுக்கிடையே அன்பளிப்பில் நீதமாக நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். ஆலிம் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் கேட்காமல் எதையும் எழுதாதீர்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 மதவேறுபாடின்றி எல்லோருக்கும் பொருந்தும். பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். தானே போக முடியாதவர் வேறொருவருக்கோ ஓர் அமைப்புக்கோ அதிகாரம் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடலாம். 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் 30 நாள் நீட்டிக்கலாம். பிள்ளை இல்லாத முதியவர், தன் சொத்துக்கு வாரிசாக வரக்கூடிய உறவினரிடம் கோரலாம். 'பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காவிட்டால், அந்த மாற்றத்தைச் செல்லாததாக அறிவிக்க 23ஆம் பிரிவு வழி செய்கிறது. முதியவரைக் கைவிட்டுப் போவது 24ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இது கடைசி வழி. ஆனால் இருக்கிறது என்று நம் பெரியவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆலோசனைக்கும் உதவிக்கும் முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

7. குடும்ப மஷூரா

ஒரு நாள் குறியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் வீடியோவில் சேரட்டும். பெண் மக்களையும், நேரில் பார்த்துக்கொள்ளும் மருமகளையும் விட்டுவிடாதீர்கள். உண்மை நிலவரம் அவர்களுக்குத்தான் தெரியும். பெரியவர் நடுவில் உட்காரட்டும். அவரைப் பற்றி அவர் இல்லாத அறையில் முடிவெடுக்காதீர்கள்.

நான்கு காரியங்களை எழுதி வையுங்கள்: பணம் யார் எவ்வளவு, நேரில் யார் எந்த நாள், டாக்டரிடம் பேசுவது யார், அவசரத்தில் முடிவெடுப்பது யார். மூன்று மாதம் கழித்து மீண்டும் உட்காருங்கள். எந்த ஏற்பாடும் நிரந்தரம் அல்ல. இல்லத்தில் சேர்த்தவரைத் திரும்ப அழைத்து வரலாம், வீட்டில் இருப்பவரை வேறிடம் மாற்றலாம்.

இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவானால், கடமை அந்த வாசலோடு முடிந்துவிடாது. போய் வரக்கூடிய தூரத்தில் பாருங்கள். முதல் மாதம் அடிக்கடி போங்கள். பெருநாளுக்கு வீட்டுக்கு அழைத்து வாருங்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். தினமும் ஒரு நேரம் குறித்துத் தொலைபேசியில் பேசுங்கள். அவருக்குச் சொல்லாமல், 'டாக்டரிடம் போகிறோம்' என்று பொய் சொல்லிக் கொண்டுபோய் விடாதீர்கள். அந்தக் காயம் ஆறாது.

8. மஹல்லாவின் பங்கு

நாக்கை அடக்குவது நம் முதல் ஸதகா. ஒரு குடும்பம் எடுத்த முடிவைப் பற்றிப் பேசுமுன், அந்தப் பெரியவரை நாம் கடைசியாகப் போய்ப் பார்த்தது எப்போது என்று யோசிப்போம். வீட்டில் இருந்தாலும் இல்லத்தில் இருந்தாலும் நோயாளியை விசாரிக்கப் போவது அவர் நம்மீது கொண்ட உரிமை.

நமது அலுவலகத்தில் சக்கர நாற்காலி, வாக்கர், கமோட் நாற்காலி, காற்று மெத்தை ஆகியவை இரவலாகக் கிடைக்கும். தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் தயாராகிறது. உங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பெயர் கொடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் தர முடிந்த சகோதரிகள் தங்கள் பெயரைப் பதியுங்கள். இல்லம் பார்க்கப் போகும் குடும்பத்தோடு துணைக்கு வரவும் நாங்கள் தயார். கேளுங்கள், ரகசியமாக வைக்கச் சொன்னால் வைப்போம். ஆனால் அதற்கு அவசியமில்லாத ஊராக நம் ஊர் ஆக வேண்டும் என்பதே நம் ஆசை.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க:

1. நம் வீட்டுப் பெரியவருக்கு ஆறு காரியங்களில் எத்தனைக்கு உதவி வேண்டியிருக்கிறது?
2. அவர் ஆசை என்னவென்று நேரில் கேட்டிருக்கிறோமா? எப்போது?
3. அவரைப் பார்த்துக்கொள்பவர் கடைசியாக ஒரு முழு நாள் ஓய்வெடுத்தது எப்போது?
4. இன்றிரவு அவர் விழுந்தால் முதலில் ஓடி வரப் போவது யார்? அவரிடம் சாவி இருக்கிறதா?
5. நமக்கு எழுபத்தைந்து வயதாகும்போது எங்கே, யாரோடு இருக்க விரும்புகிறோம்? அதை நம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா?

யா அல்லாஹ்! சிறு வயதில் எங்களை வளர்த்த எங்கள் பெற்றோர் மீது கருணை காட்டுவாயாக. முதுமையில் அவர்களைச் சிரிக்க வைக்கும் பிள்ளைகளாக எங்களை ஆக்குவாயாக. எங்கள் முதுமையை எவருக்கும் பாரமாக்காதிருப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்